வெள்ளைக்கரட்டில் வான அளவை

நாச்சிமுத்துவின் காட்டுக்கு மேலே இருக்கிற வானம் சர்க்காருக்கு வேண்டியிருக்கிறது என்று மணியக்காரர் வந்து சொன்னபோது, நாச்சிமுத்து மிளகாய் நடுவதற்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை நிறுத்திவிட்டு மேலே ஒரு தரம் பார்த்தார். சில வருஷங்களாகவே ஒழுங்காக மழை கொடுக்காத வானம். அதைக் கேட்டுக்கொண்டு ஓர் ஆள் தேடி வருவார் என்று அவர் நினைத்ததில்லை.

"எடுத்துக்கட்டுமுங்க," என்றார்.

மணியக்காரர் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போனார்.

இது 1937-ல் நடந்தது. மல்லசமுத்திரத்துக்குக் கிழக்கே வெள்ளைக்கரடு என்று ஒரு மொட்டைப் பாறை இருந்தது. அதன் அடிவாரத்தில் நாச்சிமுத்துவுக்கு ஒரு கிணறும், கிணற்றைச் சுற்றிக் கொஞ்சம் தோட்டமும், அதற்கு அப்பால் மானாவாரிக் காடும், ஓட்டு வீடு ஒன்றும் இருந்தன. மனைவி பெயர் உண்ணாமலை. ஒரே மகள் பாப்பாயியை ஜேடர்பாளையத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு மாடுகளையும் ஒரு கன்றையும் வைத்துக்கொண்டு மிளகாயும் ராகியும் வைத்துக் காலம் தள்ளினார்கள். யாரோடும் வழக்கு இல்லை. சர்க்காரோடு அவர்களுக்கு இருந்த சம்பந்தம் வருஷத்துக்கு ஒரு தரம் கிஸ்தி கட்டுவதோடு சரி.

வானம் வேண்டுமென்று கேட்ட இலாகாவுக்கு வான அளவை இலாகா என்று பெயர். அது ஏற்பட்ட விதம் எளிமையானது. மாகாணத்தில் நிலம் முழுவதும் அளந்து முடிந்துவிட்டது. அளக்கிறவர்கள் மிச்சமிருந்தார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பலாமா என்று சென்னையில் யோசித்துக்கொண்டிருந்தபோது, நிலத்துக்கு மேலே இருப்பதை இதுவரை யாரும் அளக்கவில்லை என்பதை ஒருவர் எடுத்துச் சொன்னார். மேல்நாட்டில் பெரிய பெரிய தூரதரிசினிகளை வைத்து வானத்தைப் பகுதி பகுதியாகப் படம் பிடித்து, நட்சத்திரங்களுக்கு அட்டவணை போடுகிறார்கள். நாமும் போடலாம். அதற்கு மேகம் குறைந்த இடமாக வேண்டும் என்று தேடினார்கள். சேலம் ஜில்லாவின் மழைக் கணக்கைப் பார்த்ததும் அவர்களுக்குத் திருப்தி ஏற்பட்டது.

நிலையத்துக்கு அதிகாரியாகக் கைலாசம் பிள்ளை வந்தார். நில அளவையில் தலை நரைத்தவர். அத்தனை வருஷமும் சங்கிலியைப் பார்த்துக் குனிந்தே நடந்ததால் முதுகு சற்று வளைந்திருந்தது. நல்ல மனுஷர். யாரையும் வா போ என்று பேச மாட்டார். எந்த உத்தரவைப் போட்டாலும் அதற்கான காரணத்தைப் பொறுமையாக விளக்கிச் சொல்லுவார். அந்த விளக்கத்தைக் கேட்டவர்கள் எல்லோரும், உத்தரவை மட்டும் சொல்லியிருந்தால் தேவலை என்று நினைத்தார்கள்.

நிலையத் திறப்பு விழாவுக்குக் கரட்டின் மேல் பந்தல் போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்களை வெயிலில் உட்காரவைத்துவிட்டுக் கைலாசம் பிள்ளை பேசினார்.

"பெரியோர்களே, வானம் இதுவரை கேட்பாரற்றுக் கிடந்தது. யார் வேண்டுமானாலும் அண்ணாந்து பார்த்தார்கள். இனி அப்படி இராது. வானத்தை நாம் தாலுகாக்களாகவும் பிர்க்காக்களாகவும் பிரித்து, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் சர்வே நம்பர் கொடுக்கப் போகிறோம். நட்சத்திரங்கள் அசையாச் சொத்து. கிரகங்கள் அசையும் சொத்து. பால்வீதிக்கும் அப்பால் கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த மண்டலங்கள் புகைத் திட்டுகளைப் போலத் தெரிவதாக மேல்நாட்டார் சொல்லுகிறார்கள். அவை நமது எல்லைக்குள் வராதபடியால், தற்காலத்துக்குப் புறம்போக்கு என்று வைத்துக்கொள்கிறோம். இன்னொன்றும் சொல்லுவேன். ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் நம்மிடம் வந்து சேர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகிறதாம். அது வந்து சேரும்போது நட்சத்திரமும் இருப்பதில்லை, அது புறப்பட்டபோது இருந்த மனிதர்களும் இருப்பதில்லை. ஆனாலும் அது வந்து சேர்ந்துவிடுகிறது. நமது இலாகா வேலை செய்யும் முறையும் அதுதான்."

டவாலி சேவகன் மாதையன் கையைத் தட்டினான். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள்.

தூரதரிசினியின் குழல் சேலம் ஜங்ஷனிலிருந்து வண்டிகளில் வந்தது. பனைமரத் தண்டுபோல நீளமாக இருந்ததால் ஊரில் அதைப் பீரங்கி என்று நினைத்துச் சிலர் பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் முனையில் பொருத்த வேண்டிய கண்ணாடி இங்கிலாந்தில் தயாராகிக்கொண்டிருப்பதாகவும், அது தனியாகக் கப்பலில் வரும் என்றும் கைலாசம் பிள்ளை சொன்னார். கண்ணாடி வரும்வரை மற்றக் காரியங்களை நடத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

மற்றக் காரியங்களில் முதலாவது இருட்டு. நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டுமானால் சுற்றுப்புறம் இருட்டாக இருக்க வேண்டும். ஆகவே கரட்டைச் சுற்றி இரண்டு மைல் எல்லைக்குள் பொழுது சாய்ந்தபின் யாரும் விளக்கேற்றக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். மறந்துபோய் ஏற்றிவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அது நியாயமான சந்தேகம் என்று கைலாசம் பிள்ளை ஒப்புக்கொண்டு, ஊரில் இருந்த லாந்தர்களையும் சிமினி விளக்குகளையும் வாங்கிப் பத்திரமாக நிலையத்துக் கொட்டகையில் வைத்துப் பூட்டினார். ஊர் பகல் வெளிச்சத்திலேயே சோறு தின்றுவிட்டு இருட்டியதும் படுக்கப் பழகிக்கொண்டது. அடுப்பு நெருப்புக்கும் தடை வந்தது. அப்புறம் தூசிக்கு வந்தது. காற்றில் தூசி பறந்தால் நட்சத்திரம் மங்கும் என்று, கரட்டுப் பக்கம் வண்டி ஓட்டக் கூடாது, களத்தில் தூற்றக் கூடாது என்றார்கள். அதற்கப்புறம் நாய்கள். நாய் குரைத்தால் வானத்துக்கு என்ன என்று மணியக்காரரே கேட்டுவிட்டார். ஒளி ஓர் அலை, ஒலியும் ஓர் அலை, ஒரே வகையைச் சேர்ந்த இருவர் ஒரே பாதையில் எதிரும் புதிருமாக வந்தால் என்ன நடக்கும் என்பது ஒற்றையடிப் பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும் என்று கைலாசம் பிள்ளை விளக்கினார். நாய்களை ஓட்டிக்கொண்டு போய் ராசிபுரத்துக்கு அப்பால் விட்டார்கள். அவற்றில் பாதி திரும்பி வந்துவிட்டன. வந்தவை குரைக்கவில்லை.

நாச்சிமுத்துவுக்கு இதெல்லாம் பெரிய சங்கடமாகத் தெரியவில்லை. பகலெல்லாம் உழைக்கிறவருக்கு இருட்டில் படுத்தால் தூக்கம் வந்துவிடும். உண்ணாமலைதான், இருட்டில் பல்லியா தேளா என்று தெரியாமல் சுவரைத் தொட வேண்டியிருக்கிறது என்று அவ்வப்போது சொல்லுவாள். கண்ணாடி வந்து பார்த்து முடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று அவர் சமாதானம் சொன்னார். வானத்தை அளந்து முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று அவருக்கு ஓர் அந்தாசும் இல்லை. ஒரு போகம், மிஞ்சிப்போனால் இரண்டு போகம் ஆகும் என்று நினைத்திருந்தார்.

கண்ணாடி வரவில்லை. 1939-ல் சண்டை வந்தது. கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே கண்ணாடியைப் பட்டாளத்தார் எடுத்துக்கொண்டுவிட்டதாகத் தபால் வந்தது. சண்டை முடிந்ததும் திருப்பித் தருவார்களாம்.

இலாகா மூடிவிடும் என்று ஊரார் நினைத்தார்கள். கைலாசம் பிள்ளையும் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாதையன் சொன்னான். ஆனால் மேலிடத்திலிருந்து, கண்ணாடி இல்லாத குறையை ஒழுங்கினால் ஈடுசெய்துகொண்டு அளவையைத் தொடர வேண்டியது என்று உத்தரவு வந்தது. அவர் முகம் தெளிந்தது. ஒழுங்கு என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்.

கண்ணாடியில்லாத குழலில் படத்தகட்டைச் செருகி, வானத்தின் ஒவ்வொரு பிர்க்காவையும் படம் பிடித்தார்கள். எல்லாத் தகடுகளும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறமாக வந்தன. கைலாசம் பிள்ளை அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிரபஞ்சம் எல்லாத் திசைகளிலும் ஒரே சீராக இருக்கிறது என்று சென்னைக்கு எழுதினார். இது முக்கியமான முடிவு என்று அங்கிருந்து பதில் வந்தது. ஆனால் ஒரு தகட்டில் மட்டும் இலேசான வரி ஒன்று இருந்தது. அது குழல் ஆடியதால் வந்திருக்க வேண்டும் என்றும், ஆட்டத்துக்குக் காரணத்தைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும் என்றும் அதே கடிதத்தில் கேட்டிருந்தார்கள்.

அவர் கரட்டின் மேல் நின்று கீழே பார்த்தார். நாச்சிமுத்து கவலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

கிணற்றில் தண்ணீர் இறைக்க அந்தப் பக்கத்தில் கவலைதான். தோல் பையான சாலை வடக்கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு, சரிவில் மாடுகளை இறக்கி ஓட்டினால் சால் தண்ணீரோடு மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். மாடுகளைப் பின்னுக்கு நடத்தி மறுபடியும் சாலை இறக்க வேண்டும். நாள் முழுக்க இதுதான் வேலை. மாட்டின் குளம்பு மண்ணில் விழுகிற அதிர்ச்சி பாறை வழியாக ஏறித் தூரதரிசினியின் காலை ஆட்டுகிறது என்று கைலாசம் பிள்ளை முடிவு செய்தார்.

நாச்சிமுத்து முதல் தடவையாக எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னார். நான் பகலில்தானே ஓட்டுகிறேன், அவர்கள் இராத்திரியில்தானே பார்க்கிறார்கள் என்றார்.

"பகலில் விழுந்த வெயில் பாறைக்குள் தங்கியிருந்து இராத்திரியில் சுடுகிறதல்லவா? அதிர்ச்சியும் அப்படித்தான்," என்றார் கைலாசம் பிள்ளை. குரலில் கோபமே இல்லை. "குடத்தில் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். அதற்கு நான் தடை சொல்லவில்லை. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாதா?"

"செடி காயுமுங்க."

"பிரபஞ்சத்தின் வயதோடு ஒப்பிட்டால் ஒரு மிளகாய்ச் செடியின் வயது ஒன்றுமேயில்லை."

நாச்சிமுத்து வடத்தையும் சாலையும் கழற்றிப் பரணில் போட்டார். அன்று முதல் இருவரும் குடத்தில் கயிறு கட்டி இறைத்துச் செடி செடியாக ஊற்றினார்கள். விடியும்போது ஆரம்பித்துப் பொழுது இறங்குகிறவரை ஊற்றினாலும் கடைசி வரிசைக்குப் போவதற்குள் முதல் வரிசை வாடிவிடும். உண்ணாமலையின் உள்ளங்கை கயிறு அறுத்துக் காய்த்துப்போயிற்று. மிளகாயில் கிணற்றோரம் இருந்த பாத்திகள் பிழைத்தன. மேட்டுப் பாத்திகள் சுருண்டன. முன்பெல்லாம் வெளிச்சத்திலேயே மாடு கன்றுகளைக் கட்டித் தீனி போட்டுவிட்டு வந்துவிடுவாள். இப்போது குடத்தைக் கீழே வைக்கும்போதே இருட்டு வந்துவிடும். மாட்டுக் கட்டுத்தரைக்குத் தட்டுத் தடுமாறித்தான் போவாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அப்படிப் போனவள் திரும்பிவந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, காலுல என்னமோ சுருக்குன்னுச்சு," என்றாள்.

முள்ளாக இருக்கும் என்றார் நாச்சிமுத்து. இருக்கும் என்றுதான் அவளும் சொன்னாள். அவர் காலைத் தடவிப் பார்த்தார். ஈரமாக இருந்தது. அது இரத்தமா, மாட்டுமூத்திரத்தை மிதித்த ஈரமா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பாதம் தடித்துப்போய் எரிச்சல் முழங்காலுக்கு ஏறியது. அவளை அப்படியே ஒரு மூட்டையில் சாய்த்துவிட்டு, அவர் கரட்டுக்கு ஓடினார்.

கைலாசம் பிள்ளை குழலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து இருட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஊட்டுல பொம்பளைய என்னமோ தீண்டிப்போட்டுதுங்க," என்றார் நாச்சிமுத்து. "ஒரு லாந்தர் குடுத்தீங்கன்னா வைத்தியரூட்டுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க."

கைலாசம் பிள்ளை பதறி எழுந்தார். ஒரு நிமிஷமும் தாமதிக்கவில்லை. கொட்டகையைத் தாமே திறந்தார். இந்த இலாகாவுக்கு இருதயம் கிடையாது என்று யாரும் சொல்லக் கூடாது என்றார். லாந்தரை ஏற்றுவதற்கு முன்னால் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்து, அதன் கண்ணாடியைச் சுற்றித் தம் கையாலேயே இறுக்கிக் கட்டினார். சிவப்பு வெளிச்சம் படத்தகட்டையும் கெடுக்காது, இருட்டுக்குப் பழகிய கண்ணையும் கெடுக்காது, ஆகவே விதிக்குள்ளேயே உதவி செய்ய முடிகிறது என்று அவருக்கு நிம்மதி. துணி அவிழாமல் பார்த்துக்கொள்ள மாதையனையும் கூட அனுப்பினார்.

வைத்தியர் வீடு பக்கத்து ஊரில், விளக்குத் தடையின் எல்லைக்கு உட்பட்டே இருந்தது. வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். வைத்தியர் லாந்தரைப் பாதத்துக்கு அருகே பிடித்துப் பார்த்தார். சிவப்பு வெளிச்சத்தில் தோலும் இரத்தமும் ஒரே நிறமாக இருந்தன. பல் பட்ட இடம் எது, முள் கிழித்த இடம் எது, பழைய வெடிப்பு எது என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. துணியை அவிழ்க்கச் சொன்னார்.

மாதையன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு அதிகாரம் இல்லீங்க," என்றான்.

வைத்தியர் நாச்சிமுத்துவைப் பார்த்தார். நாச்சிமுத்து துணியைப் பார்த்தார். கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் அந்த முடிச்சு இருந்தது. அவருடைய கை அசையவில்லை. ஏன் அசையவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தார். அந்த நேரத்தில் அது ஒரு துணியாகவே அவருக்குத் தோன்றவில்லை.

விஷமில்லாத பூச்சியாக இருக்கலாம் என்று வைத்தியர் பச்சிலை அரைத்துக் கட்டினார். விடிந்து வெயில் வந்ததும் பார்த்தால் பாதத்தில் இரண்டு புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. சுருட்டை விரியன் என்றார் வைத்தியர். அதற்குள் உண்ணாமலையின் ஈறுகளிலிருந்து இரத்தம் வர ஆரம்பித்திருந்தது. திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியைப் பூட்டினார்கள். வழியில் அவள், கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டீர்களா என்று கேட்டாள். விட்டாயிற்று என்றார். விடவில்லை. திருச்செங்கோட்டு மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உயிர் போய்விட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

கைலாசம் பிள்ளை மாலையோடு வந்தார். கண் கலங்கியிருந்தது. அது உண்மையான கலக்கம்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மணியக்காரரைத் தனியாக அழைத்து, சிதைப் புகை அடங்குவதற்கு நேரம் வேண்டியிருப்பதால், சடங்குகளைச் சுருக்கிக்கொண்டு சீக்கிரமாக எடுத்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்றார். மகள் ஜேடர்பாளையத்திலிருந்து வர வேண்டும் என்று மணியக்காரர் சொன்னார். வரட்டும், அவசியம் வரட்டும், பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டால் மிகவும் நல்லது என்றார். பாப்பாயி வருவதற்குள் தீ மூட்டியாகிவிட்டது.

நாச்சிமுத்து அழவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். சொன்ன இடத்தில் உட்கார்ந்தார். பாப்பாயி அவரைக் கட்டிக்கொண்டு அழுதபோது, அவளுடைய முதுகைத் தட்டிக்கொடுத்தார். தட்டுகிற தன் கையை, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னோடு ஜேடர்பாளையத்துக்கு வந்துவிடும்படி அவள் கூப்பிட்டாள். ஆகட்டும் என்றார். போகவில்லை. போகக் கூடாது என்ற எண்ணம் ஒன்றும் இல்லை. கிளம்ப வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றுவதும் நின்றுபோயிற்று.

கைலாசம் பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. சென்னைக்கு எழுதிப் போட்டு, விசேஷ அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். அளவைக் காரியத்தில் உயிர் நீத்தபடியால், தென்கிழக்குப் பிர்க்காவில் உள்ள ஒரு நட்சத்திரத்துக்கு உண்ணாமலை என்று பெயர் வைக்கப்படும்.

நாச்சிமுத்து, எது என்று கேட்டார். மனைவி போனபிறகு அவராக வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

வெறுங்கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களுக்கெல்லாம் ஏற்கெனவே பெயர் இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரமாகப் பார்த்து எடுத்திருப்பதாகக் கைலாசம் பிள்ளை சொன்னார். கண்ணாடி வந்ததும் தெரியும்.

"சரிங்க," என்றார் நாச்சிமுத்து.

சித்திரை மாதத்தில் இலாகாவின் டைரக்டரான வெள்ளைக்காரத் துரை நிலையத்தைச் சோதனை பார்க்க வந்தார். அவர் ஏற்காட்டில் தங்கியிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே திரும்ப வேண்டியிருந்ததால் வானத்தை மத்தியான வெயிலில் சோதனை செய்தார். துரை தமிழ்ப் பரீட்சையில் தேறிப் பரிசு வாங்கியவர். அதைத் தாம் சந்திக்கிறவர்களிடமெல்லாம் தமிழிலேயே சொல்லுவார்.

கைலாசம் பிள்ளை வரவேற்றுப் பேசினார். "துரையவர்களே, மற்ற நிலையங்களில் கண்ணாடி இருக்கிறது. ஆகவே அவர்கள் எதையாவது பார்த்துவிடுகிறார்கள். பார்த்ததைப் பற்றி அப்புறம் தர்க்கம் வருகிறது, முன்னே எழுதியதைத் திருத்த வேண்டி வருகிறது. நாங்கள் எழுதியதில் இதுவரை ஒரு வரியையும் திருத்த நேரவில்லை. இருட்டை நாங்கள் பூரணமாக ஏற்படுத்தியிருக்கிறோம். அதிர்ச்சியை அடியோடு நிறுத்தியிருக்கிறோம். ஜனங்கள் பூரணமாக ஒத்துழைக்கிறார்கள். ஒரு குடும்பம் அதற்கு மேலும் ஒத்துழைத்திருக்கிறது."

நாச்சிமுத்துவை முன்னே அழைத்தார்கள். மாதையன் அவர் தோளைப் பிடித்துக் குழலின் அடிமுனையில் குனியவைத்தான். உண்ணாமலை நட்சத்திரம் இருக்கிற திசைக்குக் குழலைத் திருப்பியிருந்தார்கள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். குழலுக்கு அந்தப் பக்கம் வட்டமாக ஒரு வெளிச்சம் இருந்தது.

என்ன தெரிகிறது என்று துரை கேட்டார்.

"வானம் தெரியுதுங்க," என்றார் நாச்சிமுத்து.

துரை மிகவும் சந்தோஷப்பட்டார். கல்வியறிவில்லாத ஒரு குடியானவன், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, கருவியின் மூலம் வானம் இருப்பதை உறுதி செய்திருக்கிறான் என்றார். நிலையத்தின் முதல் நேரடி அவதானிப்பு என்று அதை எழுதச் சொன்னார். பிறகு நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கி, உனக்கு ஏதாவது வேண்டுகோள் உண்டா, பயப்படாமல் சொல் என்றார்.

நாச்சிமுத்துவுக்கு வேண்டியது என்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. விளக்கைக் கேட்டிருக்கலாம். வீட்டில் அதை ஏற்றிவைத்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்தது. கரட்டிலிருந்து கீழே பார்த்தார். தோட்டம் மஞ்சளாகக் கிடந்தது. கிணற்றோரப் பாத்திகளில் மட்டும் கொஞ்சம் பச்சை.

"கவலை ஓட்டோணுமுங்க," என்றார்.

கைலாசம் பிள்ளை திடுக்கிட்டு முன்னால் வந்தார். துரை கையைக் காட்டி அவரை நிறுத்தினார். இது தமக்குப் புரிகிறது என்றார். அவர் குரல் கனிந்திருந்தது. ஒரு கையை நாச்சிமுத்துவின் தோளில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித் தமிழில் சொன்னார்:

"மனைவியை இழந்தவனே, நீ கவலையை ஓட்டலாம். இன்றைக்கே ஓட்டலாம். நாள்தோறும் ஓட்டலாம். உன் கவலையை ஓட்டுவதற்குச் சர்க்கார் ஒருபோதும் தடை சொல்லாது."

ஐயா, அது வேறு கவலை என்று கைலாசம் பிள்ளை மெதுவாக ஆரம்பித்தார். கவலைகளில் உயர்வு தாழ்வு இல்லை என்றார் துரை. தமிழைத் தமக்கு யாரும் திருத்திச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது அவர் பார்வையில் தெரிந்தது. சொன்னதை உத்தரவாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மோட்டாரில் ஏறி ஏற்காட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் கைலாசம் பிள்ளை மிகவும் தவித்தார். தாம் போட்ட தடையும் சரி, டைரக்டர் கொடுத்த அனுமதியும் சரி. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்க முடியாது. முடிவில் ஒரு வழி கண்டுபிடித்தார். நாச்சிமுத்துவின் மாடுகள் நடப்பதால் உண்டாகும் அதிர்ச்சி, அதிர்ச்சி ஆகாது என்று ஒரு திருத்தம் எழுதினார். மற்ற மாடுகளுக்கு அது பொருந்தாது.

மறுநாள் காலையில் மாதையன் வந்து விஷயத்தைச் சொன்னான். நாச்சிமுத்து பரணிலிருந்து வடத்தையும் சாலையும் இறக்கினார். தோல் விறைத்துப்போயிருந்தது. அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு எண்ணெய் தடவி, மறுநாள் மாடுகளைப் பூட்டினார். சரிவில் புல் முளைத்திருந்தாலும் மாடுகள் வழியை மறக்கவில்லை. சால் கீழே போய் முழுகி, மேலே வந்து வாய்க்காலில் கொட்டியது. காய்ந்து வெடித்த வாய்க்கால் முதல் சில சால்களைக் குடித்துவிட்டது. அப்புறம் தண்ணீர் ஓட ஆரம்பித்தது.

அவர் வடத்தின் மேல் உட்கார்ந்து ஓட்டினார். சரிவில் இறங்குவதும் ஏறுவதுமாக, கண்ணில் ஒன்றும் படாமல், உடம்பு தன் பாட்டுக்கு வேலை செய்தது. எவ்வளவு நேரம் அப்படி ஓட்டினாரோ தெரியாது. தற்செயலாகத் திரும்பியபோது, முதல் பாத்தி நிரம்பி, வரப்பு உடைந்து, தண்ணீர் தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"மடையைத் திருப்பு புள்ளே," என்றார்.

எப்போதும் சொல்லுகிற குரலில்தான் சொன்னார். மாடுகள் காதை விடைத்துக்கொண்டு நின்றன. தண்ணீர் சலசலத்து ஓடியது. அவர் ஓட்டுவதும் உண்ணாமலை மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாக மடை திருப்புவதும்தான் அத்தனை வருஷமும் வழக்கம். கவலைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பதை அவர் துரையிடம் சொல்லவில்லை. அவருக்கே அப்போது நினைவில்லை.

வடத்திலிருந்து இறங்கி நின்றார். கால்விரல்களில் ஈரம் ஏறியது. மாடுகளைக் கட்டிவிட்டுப் போய், உடைந்த வரப்பை மண் வைத்து அடைத்து, அடுத்த பாத்திக்கு மடையை வெட்டிவிட்டார். திரும்பி வந்து மறுபடியும் ஓட்டினார். அந்தப் பாத்தி நிரம்புகிறவரை ஓட்டி, மாடுகளைக் கட்டி, நடந்துபோய் மடையை மாற்றி, திரும்பி வந்தார். எந்தப் பாத்தியில் செடி பிழைத்திருக்கிறது, எதில் செத்துவிட்டது என்று பார்க்கவில்லை. வரிசையாகப் பாய்ச்சிக்கொண்டு போனார்.